பன்னீர்ச்செம்புக்கு ஒரு பெட்டி: செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்து, வீடுகளில் வெளியே எடுத்த வெள்ளிச் சாமான்கள் மறுபடி பீரோவுக்குள் போகிற நேரம் இது. பழைய வெள்ளிக்கு ஆபத்தான நேரமும் இதுதான். நெளிந்த பன்னீர்ச்செம்பு, கழுத்துப் பற்று விட்டுப்போன கூஜா, கன்னங்கரேல் என்று ஆன சந்தனக் கிண்ணம் என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பலவும் யாரும் கீழே போட்டுக் கெட்டவை அல்ல. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியாலேயே கெட்டவை. எங்களில் ஒருவர் வெள்ளிப் பட்டறைக்காரர், மற்றவர் தச்சர். கொலுசுக்குப் பேர் போன இந்த ஊரில், பாட்டி காலத்து வெள்ளியை வைக்க நல்ல பெட்டி ஒன்று கேட்டால் கிடைப்பதில்லை. அதனால்தான், செய்ய விரும்புகிறவர்கள் செய்துகொள்ளட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறோம். இடம் கொடுத்துப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

வழக்கமான சிவப்பு வெல்வெட் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். மேலே வெல்வெட், அடியில் மஞ்சள் ஸ்பாஞ்சு, அதற்கும் அடியில் அட்டை, எல்லாவற்றையும் பிடித்து நிற்க ரப்பர் பசை. ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். சில வருடங்களில் பழுத்து, பொடிந்து, பிசுபிசுத்து நகாசு வேலையின் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அட்டையிலிருந்து அமில ஆவி வரும். ரப்பர் பசையில் கந்தகம் இருக்கலாம். வெளியே ரெக்சின் போர்த்தியிருந்தால் அது பிவிசி. அது நாள்பட நாள்பட ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடும். இத்தனையையும் மூடி போட்டு அடைத்து, நடுவில் வெள்ளியை வைக்கிறோம்.

வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, கார்பனைல் சல்பைடு என்ற கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படிகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா கலந்த நீலம், கடைசியில் கறுப்பு. இதற்குக் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாத அளவு வாயுவே போதும். காற்றில் ஈரம் ஏறினால் வேகம் கூடும். கம்பளி, ரோமத்தால் ஆன ஃபெல்ட், ரப்பர் பேண்ட், முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாமே கந்தகம் தருபவை. கறுப்புப் பருத்தித் துணியிலும் எச்சரிக்கை தேவை. கறுப்பு நிறம் ஏற்றப் பெரும்பாலும் கந்தகச் சாயம்தான் போடுகிறார்கள். வெள்ளி எடுப்பாகத் தெரியட்டும் என்று கறுப்புத் துணி விரிப்பது, கறுப்பதற்கு நாமே வழி செய்து கொடுப்பதுபோல.

கறுத்தால் மெருகு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் வெள்ளி தேய்ந்து போகிறது. பள்ளம் அப்படியே இருக்கும், மேடு கரையும். நூறு வருடத்து நகாசில் மயிலின் கண்ணும் கொடியின் நரம்பும் மழுங்கியிருப்பதற்கு வருடா வருடம் விபூதி போட்டுத் தேய்த்ததுதான் காரணம். போன நகாசை எந்தப் பட்டறையும் திருப்பித் தர முடியாது. நல்ல பெட்டி என்றால், மெருகு போடும் தேவையையே தள்ளிப் போடுகிற பெட்டி.

எடுத்து வைக்கும் முன்பு சுத்தம் செய்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புளி, உப்பு, பற்பசை வேண்டாம். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்குவதும் வேண்டாம். உள்ளே வெற்றிடமுள்ள பழைய சாமானில் அந்த நீர் புகுந்துகொண்டால் வெளியே வராது. மிதமான சோப்பு நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசி, உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். போர் தண்ணீரில் அலசினால் உப்புப் படிந்துவிடும். பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு விரல் ரேகையாகவே வெள்ளியில் பதிந்துவிடும். துவைத்த பருத்திக் கையுறையோ நைட்ரைல் கையுறையோ போடலாம். வெளிர் மஞ்சளாக வரும் லேடெக்ஸ் கையுறை ரப்பர், அது ஆகாது.

இனி, எந்தப் பொருளை நம்பிப் பெட்டிக்குள் விடுவது என்பது. வேலையில் பாதி இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். துணியில் நாலு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளியோ பட்டோ கலந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். பிளாஸ்டிக் தகட்டுக்கு வேறு சோதனை. செப்புக் கம்பி ஒன்றை டார்ச்சு நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சுடரில் நிறம் எதுவும் இல்லாமல் ஆனதும், அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எழுந்தால் குளோரின் இருக்கிறது, அநேகமாகப் பிவிசி. விளம்பரப் பலகைக்கும் கல்லூரி மாடல்களுக்கும் வாங்கும் சன்போர்டு பெரும்பாலும் இந்தச் சோதனையில் பச்சை காட்டும். வெள்ளையாக, வெட்ட எளிதாக இருக்கிறதே என்று அதில் பெட்டி செய்துவிடாதீர்கள். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மூன்றாவது சோதனைக்கு நாள் பிடிக்கும், ஆனால் பொய் சொல்லாது. 1973ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி வகுத்தது. சோதிக்க வேண்டிய பொருளையும், வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றின் துண்டுகளையும், சில துளித் தண்ணீரையும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். மியூசியங்கள் ஒரு காட்சிப் பெட்டிக்குத் துணி தேர்வதற்குக் கூட இதைச் செய்கின்றன. நம் ஊரில் இதற்கு வசதி கூடவே உண்டு. சுத்த வெள்ளித் தகட்டுத் துண்டு எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம் போதும். மெருகு போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, இடுக்கியால் மட்டும் எடுங்கள். துணியிலோ ஃபோமிலோ 2 கிராம் வெட்டிப் போட்டு, சின்னக் குப்பியில் அரை மில்லி தண்ணீரைத் தனியாக நிற்க வைத்து, பாட்டிலை மூடுங்கள். ஜாம் பாட்டில் மூடியின் உள்வளையமே பிவிசி வகை என்பதால், மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் கட்டாயம். இன்னொரு பாட்டிலில் வெள்ளியும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால், கறுத்தது துணியாலா பாட்டிலாலா என்று சொல்ல முடியாது. 60 டிகிரியில் நிறுத்தி வைக்கும் ஓவன் இல்லாதவர்கள் அறைச் சூட்டில் இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். ஓவன் சோதனை அளவுக்கு அது கறாரானதல்ல, ஆனாலும் மோசமான துணியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சோதனைகளில் பொதுவாகத் தேறுவது, டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை நிற ஈபிஇ என்ற பாலித்தீன் ஃபோம். தெர்மாகோல் வேறு, இது வேறு. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்பும். கனமீட்டருக்கு 30 முதல் 35 கிலோ அடர்த்தி கேட்டு வாங்குங்கள். லேசான ரகம் ஒரே வருடத்தில் தட்டையாகி, சாமான் உள்ளே ஆடத் தொடங்கும். கறுப்பு ஈவிஏ ஃபோம் பார்க்க அழகாக இருக்கும், வெட்டினால் விளிம்பு கத்தி போல் நிற்கும், ஆனால் அமில வாடை விடும். கருவிப் பெட்டிக்கு அது சரி, வெள்ளிக்கு வேண்டாம்.

உதாரணத்துக்குப் பன்னீர்ச்செம்பையே எடுத்துக்கொள்கிறோம். வீட்டு வெள்ளியில் பெட்டி செய்யக் கடினமானது அதுதான். அதற்குச் செய்யத் தெரிந்தால் குங்குமச் சிமிழுக்கும் சொம்புக்கும் தானாக வந்துவிடும். உயரம் 260 மில்லிமீட்டர், குடத்தின் விட்டம் 90, அடிப்பாதம் 80, கழுத்து 12, நுனியில் பூத்தலை 35 என்று வைத்துக்கொள்வோம். இதன் பலவீனம் முழுவதும் கழுத்தில் இருக்கிறது. மெல்லிய தகட்டைச் சுருட்டிப் பற்றுவைத்த குழாய், குடத்தோடு சேரும் இடத்தில் இன்னொரு பற்று. பல வீடுகளில் அந்த இடம் ஒரு முறை விட்டுப்போய், யாரோ ஈயப் பற்று வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத்தில் மந்தமாக, நகத்தால் கீறினால் கோடு விழும்படி இருந்தால் அது ஈயம். அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், முன்பிருந்த பெட்டியின் அமில ஆவி ஏற்கெனவே அதைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்தப் பொடி விஷம். ஊதவோ தேய்க்கவோ வேண்டாம், பட்டறையில் காட்டுங்கள்.

ஆகவே பெட்டியின் முதல் விதி: குடமும் பாதமும் பாரத்தைத் தாங்க வேண்டும், கழுத்து எதையும் தொடக் கூடாது. கடைப் பெட்டியில் செய்வது இதற்கு நேர் எதிர். சாமானின் உருவத்தை அப்படியே ஸ்பாஞ்சில் அழுத்திக் குழி எடுத்து, கழுத்தையும் இறுகப் பிடித்துவிடுகிறார்கள். வண்டி குலுங்கும்போது கனமான குடம் ஒரு பக்கம் அசையும், பிடிபட்ட கழுத்து அசையாது, இரண்டும் சேருமிடத்தில் பற்று விடும்.

அளவெடுக்க, சாமானை ஃபோமின் மேல் படுக்க வைத்துப் பேனாவால் சுற்றி வரையாதீர்கள். பேனா சாய்ந்தால் கோடு 3, 4 மில்லிமீட்டர் வெளியே போகும், நகாசிலும் மை படும். மூலைமட்டத்தைத் துணி சுற்றிப் பக்கத்தில் நிறுத்தி, 10 மில்லிமீட்டருக்கு ஒரு தரம் இடைவெளியைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேருங்கள். இல்லையென்றால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி 3 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து படமெடுத்து, ஸ்கேல் சரியாக வரும் அளவுக்கு அச்செடுங்கள். அருகில் நின்று எடுத்தால் குடம் உண்மையைவிடப் பருத்துத் தெரியும்.

ஃபோம் 25 மில்லிமீட்டர் தடிப்பில் 6 தாள், ஒவ்வொன்றும் 340க்கு 170. கீழே மூன்று, மேலே மூன்று. செம்பு படுத்தபடி இருக்கும், அதன் நடுக்கோடு கீழ் அடுக்கின் மேல்மட்டத்தோடு சரியாக நிற்க வேண்டும். நடுக்கோட்டுக்கு மேலே ஃபோம் ஏறி அணைத்தால், எடுக்கும்போது இழுக்க வேண்டி வரும். இழுக்கிற கை கழுத்தைத்தான் தேடிப் போகும். குடத்துக்கு ஆரம் 45. முதல் தாளின் மேல்விளிம்பில் குழி 90 அகலம், அதே தாளின் அடியில் 75. இரண்டாம் தாள் 75ல் தொடங்கிக் கிண்ணம்போல் 20 ஆழம் குறுகி முடியும். மூன்றாம் தாளில் வெட்டே இல்லை. துணியின் தடிப்புக்காக எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கழுத்துக்கு 32 அகலம், 16 ஆழத்தில் ஒரு வாய்க்கால். அப்போது கழுத்தைச் சுற்றி 10 மில்லிமீட்டர் காற்றுதான் இருக்கும். பூத்தலைக்கு 55 அகலம், 28 ஆழம், நுனிக்கு முன்னே 10 இடம். பாதத்தின் அடி மட்டும் ஃபோம் சுவரில் அணைந்திருக்கட்டும். குடத்தின் தோளை மறுபக்கம் குழியே பிடித்துக்கொள்ளும். நீளவாக்கில் நகராமல் இருக்க இந்த இரண்டு இடம் போதும்.

கத்தி, மடித்து உடைக்கும் பிளேடு வகை. 60 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, ரம்பம்போல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அழுத்தினால் ஃபோம் நசுங்கி, மேலே நேராகவும் கீழே உள்வாங்கியும் வெட்டுப்படும். பிளேடு மழுங்கினால் ஃபோம் கிழிந்து பூப்பூவாக வரும். வந்த உடனே ஒரு கண்ணி உடைத்துவிடுங்கள், பிளேடில் சிக்கனம் வேண்டாம். தாள்களைச் சேர்க்கப் பசையே தேவையில்லை. ஹாட் ஏர் கன் சூட்டை இரண்டு முகங்களிலும் ஓட்டி, மேற்பரப்பு பளபளவென்று மின்னுகிற நொடியில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள். பாலித்தீன் தானே உருகிப் பிடித்துக்கொள்ளும். சூடு கூடினால் குமிழெல்லாம் சுருங்கித் தாள் கோணிவிடும். வெட்டி மிஞ்சின துண்டுகளில் நாலைந்து முறை பழகிவிட்டுத் தொடங்குவது நல்லது.

குடத்தின் இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் அகலத்தில் விரல் குழி எடுங்கள். கை தானாகக் குடத்துக்குப் போகும், கழுத்தைத் தேடாது. இந்தக் குழி இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆபத்தானது.

பூத்தலை திருகினால் சுலபமாக வருமானால் கழற்றி, தனிக் குழியில் வையுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். எண்ணெய் விட்டோ இடுக்கி போட்டோ முறுக்கினால் மரை சுழலாது, கழுத்துதான் முறுகும்.

உள்துணிக்குக் காடாத் துணி நல்லது, ஈரோட்டுப் பக்கமிருந்து நிறையவே வருகிறது. ஆனால் அதில் நெய்யும்போது போட்ட கஞ்சி இருக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் மரவள்ளி மாவு ஆலை உள்ள ஊரில், மாவுப்பசைக்குப் பூச்சி எப்படி வரும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெந்நீரில் இரண்டு முறை, நீலமும் மணத்திரவமும் போடாமல் துவைத்து, அலசிக் காயப்போடுங்கள். மெருகு மெல்லிதாக உள்ள இடத்திலும் தங்க முலாம் பூசிய இடத்திலும் காடா சற்று முரடு, அதன்மேல் ஒரு மெல்லிய மல் துணி வேண்டும். வெல்வெட்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமானால் பாலியெஸ்டர் வெல்வெட் வாங்கி, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டாவிட்டால் பாட்டில் சோதனைக்கு வையுங்கள்.

துணியையும் ஒட்ட வேண்டாம். குழியின் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி, 10 ஆழத்துக்கு ஃபோமில் ஒரு கீறல் போடுங்கள். துணியைக் குழிக்குள் தளரப் படிய வைத்து, ஓரத்தை மழுங்கிய ஸ்பாட்டுலாவால் அந்தக் கீறலுக்குள் தள்ளிச் செருகினால் ஃபோமே பிடித்துக்கொள்ளும். அழுக்கானால் உருவித் துவைக்கலாம். செய்பவர்கள் எல்லோரும் தவறுவது ஓரிடத்தில்: துணியை விறைப்பாக இழுத்துச் செருகுவது. அப்போது குழியின் அடியில் துணி படியாமல் கொட்டு மேல்தோல்போல நிற்கும், செம்பு அதன்மேல் உட்கார்ந்து ஆடும். முதலில் குழியின் நடுவில் ஒரு மணல் பையை வைத்துத் துணியை அடிவரை இறக்கி, பிறகு ஓரத்துக்கு வாருங்கள்.

நகைக்கடைச் சாமான் விற்கும் இடத்தில் வெள்ளித் துகள் கலந்து நெய்த துணி கேட்டால் சில சமயம் கிடைக்கும். அந்தத் துகள் கந்தக வாயுவை முதலில் தான் வாங்கிக்கொள்ளும். கிடைத்தால் மேலே போர்த்துங்கள். மெருகுத் துணியை அதுவென்று நினைத்து வாங்கி வராதீர்கள். அதில் மெருகுப் பொடி ஏற்றியிருக்கும், ஒவ்வொரு குலுங்கலுக்கும் வெள்ளியைத் தேய்க்கும்.

வெளிப் பெட்டிக்கு மரம் என்றால், ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குப் பந்தலாகவும் நிற்கும் சில்வர் ஓக் போதும். லேசானது, இழைக்க எளிது, விலையும் தேக்குக்கு அருகில் வராது. பெயரில் ஓக் இருந்தாலும் மேல்நாட்டு ஓக் மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. அந்த ஓக், அமில ஆவியால் ஈயத்தைத் தின்பதில் பேர்போனது. ஆனால் எந்த மரமும் கொஞ்சமாவது அமில ஆவி விடும், தேக்கும் விடும். பச்சை மரம் இன்னும் அதிகம் விடும். 12 மில்லிமீட்டர் பலகை, ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கியதாக எடுங்கள். ஈரப் பலகையில் செய்தால் மூடி கோணி ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். பிளைவுட்டில் பசை ஆவியும் சேரும், மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம்.

மரத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். அது இங்கேயே கிடைக்கிறது. காப்பித்தூள் பைக்குப் போடும் லேமினேட் தாள்தான் அது. வெளியே பாலியெஸ்டர், நடுவே அலுமினியம், உள்ளே பாலித்தீன். வாங்கும்போது செல்போன் டார்ச்சை அடியில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் அலுமினியப் பூச்சு மட்டும் உள்ள மலிவு ரகம், அது ஆவியை முழுக்கத் தடுக்காது. துளியும் கசியாமல் இருட்டாக நின்றால் உண்மையான அலுமினியத் தாள். பாலித்தீன் பக்கத்தை மரத்தின்மேல் வைத்து, நடுவில் பருத்தித் துணி போட்டு, நடுத்தரச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். மூலைகளில் வெட்டாதீர்கள், புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் மடித்து மடித்துப் படிய வையுங்கள். வெட்டிய மூலை வழியாக மரத்தின் ஆவி நேராக உள்ளே வரும். சேருமிடத்தில் 10 மில்லிமீட்டர் மேலேறட்டும். வெளிப்புறத்துக்கு அரக்கு பாலிஷ் போட்டு, மூன்று நான்கு வாரம் திறந்து காற்றாட விட்ட பிறகே வெள்ளி உள்ளே போக வேண்டும். வெள்ளைப் பசையால் மூட்டு சேர்த்திருந்தாலும் இந்தக் கெடுவைக் குறைக்காதீர்கள், அந்தப் பசை காயும்போது விடுவது வினிகர் அமிலமேதான்.

கீலுக்குப் பித்தளை, 3/8 அங்குல ஸ்க்ரூ. அரை அங்குலம் போட்டால் நுனி உள்ளே எட்டிப் பார்த்து, அலுமினியத்தைத் துளைத்துவிடும். மூடி விளிம்புக்கு ரப்பர் கேஸ்கட் கூடாது, ஈபிஇ ஃபோமிலேயே 3 மில்லிமீட்டர் பட்டை வெட்டிப் போடுங்கள்.

கீழே 25 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பொய்யடி வையுங்கள், லேமினேட் ஒட்டி 10 மில்லிமீட்டர் துளைகள் போட்டு. அதற்கு நேராக ஃபோமின் நாலு மூலையிலும் ஒரு துளை. இந்தப் பெட்டிக்குள் சுமார் 10 லிட்டர் இடம். அதற்குச் சிலிக்கா ஜெல் 200 கிராம், ஆக்டிவேட்டட் கரி 100 கிராம் (தூள் அல்ல, குருணை), தனித்தனிக் காடாப் பைகளில், பொய்யடிக்குக் கீழே. ஜெல் ஈரத்தை வாங்கும், கரி கந்தக வாயுவை வாங்கும். நீலத்திலிருந்து ரோஜா நிறமாக மாறும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, ஆரஞ்சு ரகம் வாங்குங்கள். நிறத்தைவிட எடை நம்பகமானது. முதல் நாளே பையை எடைபோட்டு எழுதி வையுங்கள். 200 கிராம் 240 ஆனதும் எடுத்து, 110 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். வெள்ளிப் பெட்டியில் சாக்பீஸ் போடும் வழக்கம் இங்கே உண்டு. அது வாங்கும் ஈரம் சொற்பம், உதிரும் பொடியோ நகாசுக்குள் போகும். கற்பூரமும் பாச்சா உருண்டையும் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம், ஆவியாகி வெள்ளிமேலும் பிளாஸ்டிக்மேலும் படியும்.

செய்து முடித்ததும் காகிதச் சோதனை. 15 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய காகிதப் பட்டை இரண்டு வெட்டி, ஒன்றைக் கழுத்துக்கு மேலும் மற்றொன்றைக் குடத்துக்கு மேலும் வைத்து, நுனியை வெளியே நீட்டி மூடியைச் சாத்துங்கள். கழுத்துப் பட்டை தங்கு தடையின்றி உருவி வர வேண்டும். குடத்துப் பட்டை இழுத்தால் சற்றுப் பிடித்து, கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் மேல் ஃபோம் அழுத்துகிறது, அங்கே 2 மில்லிமீட்டர் சீவுங்கள். சும்மா வந்தால் ஒரு மடிப்புத் துணி கூட்டுங்கள். பிறகு பெட்டியைக் காதருகே வைத்து மெதுவாக நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் வேலை முடியவில்லை.

ஏற்காட்டு அன்பர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. மழைக்காலத்தில் அங்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். அந்த மாதங்களில் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. திறந்தால் ஜெல்லை எடைபோடுங்கள். சேலத்துக்குக் கொண்டு வரும்போது இன்னொன்று. குளிர்ந்த வெள்ளியைக் கீழே வெப்பமான காற்றில் உடனே திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர்போல் வியர்க்கும். ஒரு நாள் மூடியபடியே வைத்துவிட்டுத் திறங்கள். ஜிப் பையில் போட்டு அடைத்துக் கொண்டு வருகிறவர்கள் காற்றழுத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர், சேலம் 280. இங்கிருந்து மேலே போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இறங்கும்போது அதற்கு நேர்மாறு. மேலே இறுக அடைத்த பையின் காற்று ஏழில் ஒரு பங்கு சுருங்கி, பை சாமானைக் கவ்வும். பூத்தலை இதழ் வளைய அது போதும். பையைப் பெரிதாக எடுங்கள், ஒரு மூலையைத் திறந்து விடுங்கள், வீடு வந்து மூடிக்கொள்ளலாம்.

பேங்க் லாக்கரில் வைக்கிறவர்கள் பெட்டி செய்யும் முன்பு லாக்கரை அளந்து வாருங்கள். உள்ளே எவ்வளவு இடம் என்பதைவிட, கதவின் திறப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. கதவுச் சட்டம் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். அது தெரியாமல் செய்து, மரத்தை வெளியே விட்டுவிட்டு ஃபோமை மட்டும் உள்ளே திணிப்பதைவிட, முதலிலேயே மேல் ஃபோமில் ஒரு தாளைக் குறைத்துத் திட்டமிடலாம். அடியில் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் சரி. மூடியின் மேல் படுக்கவைக்கும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும், உள்ளே செம்பு கிடக்கும் நிலையின் புகைப்படமும் ஒட்டுங்கள். பத்து வருடம் கழித்துத் திறக்கப் போவது வேறொரு கையாக இருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டைப் பெட்டிக்காரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: வாடிக்கையாளர் கேட்டால் ஸ்பாஞ்சுக்குப் பதில் ஈபிஇ, ரப்பர் பசைக்குப் பதில் செருகுத் துணி என்று செய்து கொடுங்கள். கை அதே கைதான், பொருள்தான் வேறு. பட்டறைக்காரர்கள், வெள்ளி பழுதுக்கு வரும் வீட்டாருக்கு ஒரு துண்டு சுத்த வெள்ளித் தகடு கொடுத்து அனுப்புங்கள். 10க்கு 20 மில்லிமீட்டர் போதும். மெருகு போட்ட அந்தத் துண்டைப் பெட்டியின் ஒரு மூலையில், ஃபோமில் கீறல் போட்டு நிறுத்தி வைக்கட்டும். ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை மூடியைத் திறந்து, செம்பைத் தொடாமல், அந்தத் துண்டை மட்டும் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். இளமஞ்சள் தட்டியிருந்தால் கரியை மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. மாற்றியும் அடுத்த தையில் மறுபடி மஞ்சள் தட்டினால், உள்ளே போன பொருளில் ஏதோ ஒன்று சரியில்லை. துணியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாட்டில் சோதனைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளி வேலையும் தச்சு வேலையும் செய்யும் வாசகர்கள் இருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.